90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்: ஒரு விதி பிறந்த கதையும் அது இன்னும் போகாத காரணமும்

"உங்கள் கடவுச்சொல் இன்னும் 3 நாளில் காலாவதியாகும்." அலுவலகக் கணினியைத் திறந்ததும் இந்த வரியைப் பார்க்காதவர்கள் குறைவு. பெரிய எழுத்து ஒன்று வேண்டும், சின்ன எழுத்து ஒன்று வேண்டும், எண் வேண்டும், சிறப்புக் குறி வேண்டும், முன்பு வைத்த ஐந்தில் எதுவும் கூடாது. ஒரு வழியாக ஒன்றை யோசித்து வைத்தால், மூன்று மாதம் கழித்து மறுபடியும் இதே வேலை.

ஆனால் அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், இப்படிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று 2017இலேயே எழுதிவிட்டது. 2025இல் வந்த புதிய பதிப்பில் அந்த "வேண்டாம்" இன்னும் இறுகி, "கூடாது" ஆகிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து இதை எடுத்துவிட்டது. அப்படியிருக்க நம் அலுவலகம் ஏன் இன்னும் மாற்றச் சொல்கிறது? இதில் யார் சொல்வது சரி?

தொழில்நுட்ப ரீதியாக இதற்குப் பதில் சொல்வது எளிது. காரணம் இல்லாமல் மாற்றச் சொல்வதில் பெரிய பயன் இல்லை. பதில் தெரிந்த பிறகும் நிறுவனங்கள் ஏன் அதே முடிவில் நிற்கின்றன என்பதற்குத்தான் கொஞ்சம் விளக்கம் தேவை. "பெஸ்ட் பிராக்டிஸ்", அதாவது சிறந்த நடைமுறை என்று ஒன்றுக்குப் பெயர் விழுந்ததும் ஒரு நிறுவனத்தில் முடிவெடுக்கும் விதமே எப்படி மாறுகிறது என்பதை இந்த ஒரு விதியை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் சொற்கள்

பேச்சில் நான்கு சொற்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். அவற்றைப் பிரித்துக்கொண்டால் மீதி எளிது.

1. சட்டம்: மீறினால் அரசு தண்டிக்கும்.
2. தரநிலை: ஒரு சான்றிதழோ ஒப்பந்தமோ வேண்டுமென்றால் கடைப்பிடித்தாக வேண்டியது. வங்கி அட்டைத் தகவலைக் கையாள்பவர்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் இப்படிப்பட்டது. இதை எழுதியது அரசு இல்லை, அட்டை நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த மன்றம்.
3. வழிகாட்டுதல்: விவரம் தெரிந்த ஓர் அமைப்பு, இப்படிச் செய்தால் நல்லது என்று எழுதித் தருவது. நிஸ்ட் வெளியிடும் கடவுச்சொல் ஆவணம் இந்த வகை. அமெரிக்க மத்திய அரசின் அலுவலகங்களைத் தவிர வேறு யாரையும் அது கட்டுப்படுத்தாது.
4. சிறந்த நடைமுறை: "இந்தத் துறையில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்ற பொதுக் கருத்து. இதை யார் எழுதினார், எப்போது எழுதினார், எதைச் சோதித்து எழுதினார் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் கிடைக்காது.

ஒரே விதி இந்த நான்கு இடங்களுக்கும் இடம் பெயரக்கூடியது. வழிகாட்டுதலாகப் பிறப்பது பழக்கமாகி, பழக்கம் தரநிலையில் ஏறி, தரநிலை ஒப்பந்தத்தில் நுழைந்துவிடும். ஒவ்வொரு படியிலும் விதியின் வாசகம் அப்படியே இருக்கும். அது ஏன் எழுதப்பட்டது என்ற காரணம் மட்டும் வழியில் உதிர்ந்துவிடும். கடவுச்சொல் விதிக்கு நடந்தது இதுதான்.

விதி எங்கிருந்து வந்தது

1985 ஏப்ரலில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கடவுச்சொல் மேலாண்மைக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் அட்டை நிறத்தால் அந்தத் துறையில் அதைப் பச்சைப் புத்தகம் என்பார்கள். கடவுச்சொல்லுக்கு ஆயுள் வைப்பதற்கான கணக்கு அதில் இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை முறை ஊகிக்க முடியும் என்பதை, அந்தக் கடவுச்சொல் புழக்கத்தில் இருக்கும் நாட்களால் பெருக்கு. வந்ததை, சாத்தியமான கடவுச்சொற்களின் மொத்த எண்ணிக்கையால் வகு. கிடைப்பது, எதிரி ஊகித்துப் பிடிப்பதற்கான வாய்ப்பு.

எட்டுச் சின்ன எழுத்துகள் கொண்ட கடவுச்சொல்லை எடுத்துக்கொள்வோம். 26 எழுத்துகளை எட்டு இடத்தில் நிரப்ப சுமார் 20,900 கோடி வழிகள் உண்டு. தொலைபேசி இணைப்பு வழியாக நிமிடத்துக்குப் பத்து முறை முயன்றால் ஒரு நாளில் 14,400 முயற்சி, ஓராண்டில் 52,56,000. ஆக, ஓராண்டு ஆயுள் உள்ள கடவுச்சொல்லை ஊகித்துப் பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 40,000இல் ஒன்று. ஆயுளை 90 நாளாகக் குறைத்தால் அது 1,60,000இல் ஒன்று. பார்க்க நல்ல முன்னேற்றம்.

ஆனால் ஓராண்டில் அப்படி நான்கு கடவுச்சொற்கள் வருகின்றன, எதிரிக்கும் நான்கு தடவை வாய்ப்பு வருகிறது. நான்கையும் கூட்டிப் பாருங்கள். மறுபடியும் 40,000இல் ஒன்றிலேயே வந்து நிற்கும். அடிக்கடி மாற்றுவதால் பிடிபடும் வாய்ப்பு குறையவில்லை. பிடிபட்ட கடவுச்சொல் எத்தனை நாள் வேலை செய்யும் என்பது மட்டும் குறைகிறது.

பச்சைப் புத்தகத்தில் இன்னொரு பரிந்துரையும் இருந்தது: கடவுச்சொல்லை மனிதர் யோசித்து வைக்காமல் கணினியே உருவாக்கித் தர வேண்டும். மேலே பார்த்த கணக்கு முழுவதும் இதை நம்பித்தான் நிற்கிறது. எழுத்துகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் விழுந்தால்தான் 20,900 கோடி வழிகளும் சம வாய்ப்புள்ளவை. மனிதர் வைக்கும் கடவுச்சொல் அப்படி விழாது என்பது அப்போதே தெரியும். யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் உருவாக்கத்தில் இருந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் 1979இல் 3,289 கடவுச்சொற்களைத் திரட்டிப் பார்த்தார்கள். 86 சதவீதம் மிகச் சிறியவையாகவோ, அகராதியில் உள்ளவையாகவோ, எளிதில் தேடிப் பிடிக்கக்கூடியவையாகவோ இருந்தன.

கணினி உருவாக்கித் தரும் சொல்லை மனப்பாடம் செய்ய யாருக்கும் பிடிக்கவில்லை. அதனால் அந்தப் பகுதி கைவிடப்பட்டது. காலக்கெடு மட்டும் நிலைத்துவிட்டது. எந்த நடைமுறை நகலாகும்போதும் முதலில் கழன்று விழுவது இப்படி அதைத் தாங்கி நிற்கும் நிபந்தனைதான்.

அடுத்த கட்டம் 2003ஐ ஒட்டி. நிஸ்டில் மேலாளராக இருந்த பில் பர், மின்னணு அடையாள வழிகாட்டுதலுக்காக எட்டுப் பக்கப் பின்னிணைப்பு ஒன்று எழுதினார். எழுத்து, எண், குறி எல்லாம் கலக்க வேண்டும், அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று உலகம் இன்று அறிந்திருக்கும் வாய்பாடு அங்கிருந்துதான் பரவியது. அவர் உண்மையான கடவுச்சொற்களைப் பார்த்துச் சோதிக்க விரும்பினார். தன் நிறுவனத்துக் கணினி நிர்வாகிகளிடம் கேட்டார். தனியுரிமை காரணமாக அவர்கள் தர மறுத்துவிட்டார்கள். ஆகவே 1980களின் நடுவில் வந்த ஓர் ஆவணத்தைத்தான் பெரிதும் நம்பினார். ஓய்வு பெற்றபின் 2017இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில், அப்போது செய்தவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார்.

அவர் மீது குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தரவு இல்லாத காலத்தில் இருந்ததை வைத்து ஒரு நல்ல ஊகம் செய்தார். ஊகம் என்ற அடையாளம் அழிந்து, கண்டுபிடிப்பு என்ற மதிப்புடன் அது உலகம் சுற்றியது அதற்குப் பிறகு நடந்தது.

எப்படிப் பரவியது: மூன்று வழிகள்

ஒரே துறையில் உள்ள நிறுவனங்கள் ஏன் ஒன்றைப் போலவே மற்றொன்று ஆகின்றன என்ற கேள்விக்கு சமூகவியலாளர்கள் பால் டிமாஜியோ, வால்டர் பவல் இருவரும் 1983இல் மூன்று காரணங்கள் சொன்னார்கள். கடவுச்சொல் விதிக்கு அவை கச்சிதமாகப் பொருந்துகின்றன.

1. கட்டாயம். மேலே இருப்பவர் கேட்கிறார். பிசிஐ டிஎஸ்எஸ் 90 நாள் என்றது. அட்டைப் பணம் வாங்க வேண்டுமென்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.
2. பார்த்துச் செய்தல். எது சரி என்று தெளிவாகத் தெரியாதபோது பெரிய நிறுவனம் செய்வதைச் செய்வது. புதிதாகத் தொடங்கிய ஒரு நிறுவனம் பாதுகாப்பு விதிமுறையை உட்கார்ந்து எழுதுவதில்லை. எங்கோ கிடைத்த மாதிரியை எடுத்துப் பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறது.
3. தொழில் பயிற்சி. ஒரே பாடத்தைப் படித்து ஒரே சான்றிதழ் தேர்வை எழுதியவர்கள் எல்லா நிறுவனங்களிலும் இருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது விதியையும் கூடவே எடுத்துப் போகிறார்கள்.

நம் ஊருக்கு இதில் முதல் வழி நன்றாகத் தெரியும். சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஐடி நிறுவனம் அமெரிக்க வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலை செய்ய வேண்டுமென்றால், ஒப்பந்தத்துக்கு முன் ஒரு எக்ஸெல் கோப்பு வரும். நூற்றுக்கணக்கான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை, பொருந்தாது என்று மூன்று தேர்வுகள். அதில் ஒரு வரி: "கடவுச்சொற்கள் 90 நாளுக்குள் மாற்றப்படுகின்றனவா?"

அந்தக் கோப்பை நிரப்பும் பாதுகாப்பு அதிகாரியின் இடத்தில் நின்று பாருங்கள். "இல்லை" என்று தேர்ந்தால் அந்தக் கட்டம் சிவப்பாகும். பக்கத்தில் விளக்கம் கேட்கும் இன்னொரு கட்டம் திறக்கும். விளக்கம் எழுதினால் அதை அங்கே ஒருவர் படிக்க வேண்டும், அவர் தன் மேலாளரைக் கேட்க வேண்டும், அதற்குள் ஒப்பந்தம் ஒரு வாரம் தள்ளிப்போகும். "ஆம்" என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். இங்கே யாரும் சோம்பேறித்தனமாக நடந்துகொள்ளவில்லை. கேள்வி கேட்கப்பட்ட விதமே பதிலை முடிவு செய்துவிட்டது.

முடிவெடுப்பவரின் கணக்கு

எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான். காலக்கெடுவை எடுத்துவிடலாமா என்று ஓர் அதிகாரி யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன் நான்கு சாத்தியங்கள் உண்டு.

1. விதியை வைத்திருக்கிறார், ஊடுருவல் எதுவும் நடக்கவில்லை. எல்லாம் வழக்கம்போல்.
2. விதியை வைத்திருக்கிறார், ஊடுருவல் நடந்துவிட்டது. "நாங்கள் துறையின் சிறந்த நடைமுறைகளைக் கடைப்பிடித்தோம்" என்று அறிக்கை வரும். அவர் வேலை பெரும்பாலும் தப்பும்.
3. விதியை எடுத்துவிட்டார், எதுவும் நடக்கவில்லை. ஊழியர்களுக்கு நிம்மதி. ஆனால் அவருக்கு யாரும் கைகொடுக்கப் போவதில்லை. நடக்காத ஒன்றுக்கு யார் பாராட்டுவார்கள்?
4. விதியை எடுத்துவிட்டார், ஊடுருவல் நடந்துவிட்டது. அந்த ஊடுருவலுக்கும் கடவுச்சொல் காலக்கெடுவுக்கும் ஒரு தொடர்பும் இல்லாமலே இருக்கலாம். இருந்தாலும் விசாரணையில் முதல் கேள்வி, "எல்லாரும் வைத்திருந்த பாதுகாப்பை நீங்கள் மட்டும் ஏன் எடுத்தீர்கள்?"

இரண்டாவதையும் நான்காவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறுவனத்துக்கு இரண்டிலும் நட்டம் ஒன்றுதான். அதிகாரிக்கு ஒன்றில் கவசம் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை. ஆகவே "எது பாதுகாப்பு?" என்று கேட்க வேண்டிய இடத்தில் "எதைச் செய்தால் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள்?" என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிடுகிறது. பயம் அந்த மனிதருடைய குணத்திலிருந்து வருவதில்லை. பொறுப்பை நாம் பங்கு வைத்திருக்கும் முறையிலிருந்து வருகிறது.

விதியின் செலவும் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். மறந்துபோன கடவுச்சொல்லுக்காக ஹெல்ப்டெஸ்கில் காத்திருக்கும் இருபது நிமிடம், கீபோர்டுக்கு அடியில் ஒட்டிவைத்த மஞ்சள் சீட்டு, திங்கட்கிழமை காலையில் பூட்டிக்கொண்ட கணக்கு. இவை எல்லாம் நூற்றுக்கணக்கான ஊழியர்களிடையே சிதறிக் கிடக்கின்றன. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஒரே வரியாக வராது. பழி மட்டும் ஒரே ஒருவர் தலையில் மொத்தமாக விழும். சிதறிய செலவையும் குவிந்த பழியையும் எடை போடும்போது, குவிந்தது பக்கமே தராசு சாயும்.

தணிக்கையாளரும் இதே இடத்தில்தான் நிற்கிறார். 90 நாள் என்பது சரிபார்க்க எளிதான எண். கணினி அமைப்பைத் திறந்து ஒரு படம் எடுத்தால் ஆதாரம் தயார். "ஊழியர்கள் ஊகிக்க முடியாத கடவுச்சொல் வைக்கிறார்களா?" என்ற கேள்வி எவ்வளவோ முக்கியமானது, ஆனால் அதற்கு அவ்வளவு சுலபமாகப் படம் எடுக்க முடியாது. அளக்க முடிந்ததே கேட்கப்படுகிறது, கேட்கப்படுவதே செய்யப்படுகிறது.

ஆதாரம் வந்தபோது

2009 டிசம்பரில் ராக்யூ என்ற இணைய நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் வெளியே கசிந்தன. மனிதர்கள் உண்மையில் என்ன வைக்கிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் அவ்வளவு பெரிய அளவில் பார்ப்பதற்கு அது வழிவிட்டது. மிக அதிகம் பேர் வைத்திருந்தது 123456.

காலக்கெடு விதியை நேரடியாகச் சோதித்தது அடுத்த ஆண்டு. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும். அங்கே மூடப்பட்ட 10,000க்கும் அதிகமான கணக்குகளின் பழைய கடவுச்சொல் வரிசைகளை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: ஒருவருடைய பழைய கடவுச்சொல் தெரிந்தால் அடுத்ததைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடிந்தது. 17 சதவீதக் கணக்குகளில் ஐந்து முயற்சிக்குள்ளேயே அடுத்த கடவுச்சொல் அகப்பட்டது. கடவுச்சொற்களை மறைத்துச் சேமித்து வைக்கும் கோப்பே கையில் இருந்து கணினியை ஓடவிட்டால், 41 சதவீதத்தில் மூன்று விநாடி போதும்.

காரணம் நமக்கே தெரியும். முதலில் முருகன்@1 என்று வைத்தவர் அடுத்து முருகன்@2 என்று வைப்பார். அப்புறம் முருகன்@3. அல்லது கடைசியில் மாதத்தின் பெயரைச் சேர்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆண்டுக்கு நான்கு முறை, அதுவும் பல இடங்களில், புதிது புதிதாக நினைவில் வைக்கச் சொன்னால் மனித மூளை ஒரு சூத்திரம் போட்டுக்கொள்ளும். அந்தச் சூத்திரம்தான் எதிரிக்கும் சாவி.

2015இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் கணித ரீதியாகப் பார்த்து, மாற்றுவதால் கிடைக்கும் பாதுகாப்பு மிகச் சிறியது, அது தரும் தொல்லைக்கு ஈடாகாது என்று காட்டினார்கள். நடைமுறையிலும் 90 நாளுக்குப் பொருள் இல்லாமல் போயிருந்தது. கடவுச்சொல்லைத் திருடியவர் மூன்று மாதம் காத்திருக்க மாட்டார். அன்றைக்கே உள்ளே நுழைந்து தனக்கென்று வேறொரு வழி போட்டுக்கொள்வார். பலவீனமான முறையில் மறைக்கப்பட்ட கடவுச்சொல் கோப்பு கிடைத்தால், நாம் மேலே பார்த்த 20,900 கோடி வழிகளையும் விளையாட்டுக்கு வாங்கும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டே சில நிமிடங்களில் முயன்று முடித்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகு 2017இல் நிஸ்ட் தன் விதியைத் திருப்பி எழுதியது. 2010இல் வந்த ஆதாரம் 2017இல் வழிகாட்டுதலாக, 2019இல் மைக்ரோசாஃப்டின் பரிந்துரையாக மாறியது. 2022இல் வெளியான பிசிஐ டிஎஸ்எஸ் நான்காம் பதிப்பிலும் 90 நாள் முழுதாகப் போகவில்லை. கடவுச்சொல் ஒன்றே அடையாளமாக இருக்கும் இடங்களில் ஒன்று 90 நாளில் மாற்று, இல்லையென்றால் கணக்கின் நிலையைத் தொடர்ந்து கண்காணி என்று ஒரு மாற்று வழி மட்டும் திறந்தது. கேள்விக் கோப்புகளும் ஒப்பந்தங்களும் அதற்கும் பின்னால்தான் வருகின்றன. உங்கள் அலுவலகம் இன்னும் மாற்றச் சொல்வதற்கு இந்த வரிசையில் அது எங்கே நிற்கிறது என்பதுதான் காரணம்.

அறுவை அரங்கிலிருந்து ஓர் ஒப்பீடு

எல்லாச் சிறந்த நடைமுறைகளும் இப்படிப்பட்டவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உயிர் காப்பாற்றியவை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் அப்படி ஒன்று. 19 அம்சங்கள். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அரங்கை விட்டு வெளியே போவதற்கு முன் என மூன்று இடங்களில் எல்லாரும் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோயாளி இவர்தானா, எந்தப் பக்கம் அறுக்கப் போகிறோம், கடந்த 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா. அரங்கில் இருப்பவர்கள் தங்கள் பெயரையும் வேலையையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் அதில் ஓர் அம்சம்.

பட்டியலைப் பரப்பும்போதே அளந்தும் பார்த்தார்கள். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகள். 2009 ஜனவரியில் வெளியான முடிவில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன.

அதே பட்டியலைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் எல்லா மருத்துவமனைகளுக்கும் கொண்டுவந்தது. எவ்வளவு பின்பற்றினோம் என்பதைப் பொதுமக்களுக்கு அறிவிக்கவும் வேண்டும். 101 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து 2014இல் வந்த முடிவு: இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65. புள்ளியியல் கணக்கில் மாற்றம் இருந்ததாகச் சொல்ல முடியாத அளவு. அத்தனைக்கும், பட்டியலைப் பின்பற்றியதாக மருத்துவமனைகள் அறிவித்த விகிதம் கிட்டத்தட்ட நூறு சதவீதம்.

ஏன் இந்த வேறுபாடு என்று மருத்துவர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. ஆய்வுக் காலம் குறைவு என்பவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில் கவனிக்க வேண்டியது வேறு. மிஷிகன் மாகாணத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பீட்டர் புரோனோவோஸ்ட் தொடங்கிவைத்த இன்னொரு பட்டியல் இருந்தது. ரத்தக் குழாயில் செருகும் குழாய் வழியாக வரும் தொற்றைத் தடுப்பதற்கு. கை கழுவு, தோலைச் சுத்தம் செய், முழு உடலையும் துணியால் மூடு என்று ஐந்தே படிகள். தொற்று விகிதம் பெருமளவு இறங்கியது. அங்கே பட்டியலோடு ஓர் அதிகாரமும் கொடுக்கப்பட்டது. மருத்துவர் ஒரு படியைத் தாண்டினால், நின்றுகொண்டிருக்கும் நர்ஸ் அவரை நிறுத்தலாம்.

நிறுத்தும் உரிமை நர்ஸுக்கு இருக்கும் இடத்தில் பட்டியல் ஒரு முடிவை மாற்றுகிறது. டிக் போட்டு மேலே அனுப்புவதற்கு மட்டும் பயன்படும் இடத்தில், அது ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் கையெழுத்து ஆகிவிடுகிறது. தாள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

புதிய விதியும் அதே வழியில் நகலாகிறது

இப்போது "கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம்" என்பது புதிய சிறந்த நடைமுறை ஆகிவருகிறது. எனக்குக் கவலை தருவது இதுதான். 1985 வழிகாட்டியிலிருந்து கணினி உருவாக்கும் கடவுச்சொல் என்ற நிபந்தனை கழன்று காலக்கெடு மட்டும் நின்றது போல, இப்போதும் நிபந்தனைகளை விட்டுவிட்டு ஒற்றை வரியை மட்டும் எடுத்துப் போகிறார்கள். 2017 ஆவணம் காலக்கெடுவை எடுக்கச் சொன்னபோது கூடவே சொன்னவை இவை:

1. கடவுச்சொல் குறைந்தது எட்டு எழுத்து. 64 வரை நீளமாக வைக்க அனுமதிக்க வேண்டும், இடையில் இடைவெளியும் விடலாம். 2025 பதிப்பு, கடவுச்சொல் ஒன்றே அடையாளமாக இருந்தால் குறைந்தது 15 எழுத்து என்கிறது.
2. புதிதாக வைக்கும்போது, ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருந்தால் மறுக்க வேண்டும்.
3. தவறான முயற்சிகளுக்கு வரம்பு வேண்டும்.
4. கசிந்ததற்கு ஆதாரம் கிடைத்தால் கட்டாயம் மாற்றச் சொல்ல வேண்டும்.

மைக்ரோசாஃப்டும் 2019இல் இதையே வேறு சொற்களில் சொன்னது. தடை செய்த கடவுச்சொற்களின் பட்டியல், ஓடிபி போன்ற இரண்டாம் அடையாளம் ஆகியவைதான் உண்மையான பாதுகாப்பு. காலக்கெடுவை எடுப்பது இவை வேண்டாம் என்று பொருளாகாது. இவற்றில் எதுவும் இல்லாத ஒரு நிறுவனம், நிஸ்ட் சொல்லிவிட்டது என்று காலக்கெடுவை மட்டும் அணைத்தால், முன்பைவிடக் கொஞ்சம் மோசமான இடத்தில்தான் நிற்கும். திருடப்பட்ட கடவுச்சொல் அங்கே ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும்.

ஆகவே இதை மாற்ற நினைக்கும் அலுவலகத்துக்கு வரிசை முக்கியம். முதலில் இரண்டாம் அடையாளம், அடுத்து கசிவுப் பட்டியல் சோதனை, அதன் பிறகே காலக்கெடுவை நிறுத்துவது. அட்டைத் தகவல் இருக்கும் சர்வர்களைத் தனியே பிரித்து, அவற்றுக்குப் பிசிஐ கேட்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

விதிமுறைக் கோப்பில் இதை ஒற்றை வரியாக எழுதாமல் ஐந்து வரியாக எழுதலாம்:

"விதி: ஊழியர் கடவுச்சொல்லுக்குக் காலக்கெடு இல்லை.
காரணம்: கட்டாயமாக மாற்றும்போது ஊழியர்கள் பழையதிலேயே சிறு மாற்றம் செய்கிறார்கள், அது ஊகிக்க எளிது.
நிபந்தனை: இரண்டாம் அடையாளமும் கசிவுப் பட்டியல் சோதனையும் வேலை செய்யும் வரை மட்டும்.
பார்ப்பவர்: பாதுகாப்பு அதிகாரி, மாதம் ஒருமுறை.
மறுபரிசீலனை: 12 மாதத்தில், நிபந்தனைகளில் ஒன்று நின்றுபோனால் அன்றைக்கே."

எக்ஸெல் கோப்பில் சிவப்புக் கட்டம் விளக்கம் கேட்டுத் திறக்கும்போது அதில் ஒட்ட வேண்டியதும் இந்த ஐந்து வரிதான். நான்காவது சாத்தியத்துக்குப் பயந்திருக்கும் அதிகாரிக்கும், விசாரணையில் எடுத்துக்காட்டத் தன் பெயரில் ஒரு காரணம் எழுத்தில் இருக்கும்.